ஏலத்தில் எடுத்த பழைய வின்டேஜ் போர்ட் மக்கர் செய்தால்

பிரிட்டனின் ஒயின் ஏலப் பட்டியல்களைப் புரட்டுகிறவர்களுக்கு இது தெரிந்திருக்கும். 1980, 1983, 1985 ஆண்டுகளின் வின்டேஜ் போர்ட், அதாவது ஒரே ஆண்டுத் திராட்சையில் செய்த போர்ச்சுகல் நாட்டு இனிப்பு ஒயின், நாற்பது வயதாகியும் கடைக்குப் புதிதாக வந்த வின்டேஜை விடக் குறைந்த விலைக்குப் போவது அங்கே சாதாரணம். குறை ஒயினில் இல்லை. இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு இனிப்பான, 20 சதவீத ஆல்கஹால் உள்ள ஒயினை வைத்துக்கொண்டு நிதானமாக உட்காரும் பழக்கம் அங்கே தேய்ந்துவிட்டது. தாத்தா அடுக்கிவைத்த பெட்டிகளைப் பேரப்பிள்ளைகள் விற்கிறார்கள். முழுப் பக்குவத்துக்கு வந்த ஒரு பெரிய ஒயின் இவ்வளவு குறைந்த விலைக்கு வேறு எங்கும் கிடைக்காது என்பது என் உறுதியான எண்ணம்.

அப்படி வாங்கியதைத் திறந்து, ஒரு வாய் குடித்து, "கெட்டுப்போச்சு" என்று கொட்டிவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். அது எனக்குத் தாங்கவே முடியாத விஷயம். கொட்டப்படுவதில் நிறைய நல்ல ஒயின். அதற்கு வேண்டியது சில மணி நேரம், சில சமயம் ஒரு நாள், அவ்வளவுதான். உண்மையிலேயே கெட்ட பாட்டிலும் உண்டு. இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்தால் போதும்.

ஒரே ஒரு பின்னணி மட்டும். போர்ச்சுகலின் டோரோ பள்ளத்தாக்கில் திராட்சையை மிதித்து நொதிக்கவிட்டு, சர்க்கரையில் பாதியளவு மிச்சமிருக்கும்போதே 77 சதவீத திராட்சைச் சாராயத்தைச் சேர்த்து நொதிப்பை நிறுத்துகிறார்கள். வின்டேஜ் வகை சுமார் இரண்டு ஆண்டு மட்டும் மரப் பீப்பாயில் இருந்துவிட்டு, வடிகட்டாமல் பாட்டிலுக்குப் போகிறது. மீதி வாழ்க்கை முழுவதும் பாட்டிலுக்குள்தான். அதனால்தான் அத்தனை வண்டல், அத்தனை அடைபட்ட மணம், அத்தனை ஊறிய கார்க். கீழே வரும் பெரும்பாலான தொல்லைகளுக்கு வேர் இதுதான்.

அறிகுறி: மலிவு என்று எடுத்தது, பில் வந்ததும் மலிவாக இல்லை

இது ஏலத்துக்கு முன்பே தீர்க்க வேண்டியது. ஏலத்தில் விழுந்த விலையின் மேல் வாங்குபவர் கமிஷன் ஏறும், அந்தக் கமிஷன் மேல் வரி ஏறும். கமிஷன் 25 சதவீதம், வரி 20 சதவீதம் என்றால் 30 பவுண்டுக்கு விழுந்த பாட்டில் 39 பவுண்டு. அனுப்பும் செலவு தனி. சுங்கக் கிடங்கில் இருக்கும் சரக்கு என்று போட்டிருந்தால் மதுவரியும் சேரும். மனதில் உள்ள உச்ச விலையிலிருந்து இதையெல்லாம் கழித்துவிட்டுத்தான் கையைத் தூக்க வேண்டும்.

அறிகுறி: பாட்டிலில் ஒயின் மட்டம் குறைந்திருக்கிறது

கழுத்துக்குள் அல்லது கழுத்தின் அடியில் மட்டம் நின்றால் நாற்பது வயது பாட்டிலுக்கு அது அருமையான நிலை. தோளின் மேல் விளிம்பு வரை இறங்கியிருந்தாலும் கவலை வேண்டாம். சர்க்கரையும் ஆல்கஹாலும் போர்ட்டுக்குக் கவசம், சாதாரண சிவப்பு ஒயினை விட அது நன்றாகத் தாங்கும். தோளின் நடுவுக்கு வந்துவிட்டால் அது சூதாட்டம். அதற்கும் கீழே என்றால் நான் ஏலமே கேட்க மாட்டேன்.

ஏலத்தில் ஒன்றாக விற்கும் ஆறு பாட்டில் தொகுப்பில், அதாவது லாட்டில், ஒன்று மட்டும் இறங்கியிருப்பது வழக்கம். அதையே முதலில் திறங்கள், அது காத்திருக்காது. ஆனால் அதன் சுவையை வைத்து மற்ற ஐந்துக்கும் தீர்ப்பு எழுதாதீர்கள்.

அறிகுறி: கழுத்து உறை பிசுபிசுக்கிறது, கறை வழிந்திருக்கிறது

முதலில் மட்டத்தைப் பாருங்கள். மட்டம் நன்றாக இருந்து, கறை காய்ந்து பழசாக இருந்தால் என்றோ ஒரு முறை கசிந்து நின்றுபோனது. விட்டுவிடலாம். கறை ஈரமாக இருந்தால் கசிவு இன்னும் நடக்கிறது. அந்தப் பாட்டிலை இந்த மாதமே குடித்துவிடுங்கள். அரக்கோ தகடோ எதுவானாலும் திறப்பதற்கு முன் கழுத்தின் உதட்டை ஈரத்துணியால் துடைத்துவிட வேண்டும். அந்தப் பிசுக்கு ஒயினில் கலந்தால் நாற்றம் ஒயினுடையது என்று தவறாக முடிவு செய்யத் தோன்றும்.

அறிகுறி: லேபிள் அழிந்துவிட்டது, அல்லது லேபிளே இல்லை

இந்த மாதிரிப் பாட்டில்கள்தான் ஏலத்தில் மிக மலிவு. அடையாளம் காண இடங்கள் இருக்கின்றன. கழுத்து உறையின் தலையில் நிறுவனத்தின் பெயர் புடைத்திருக்கும். சில பழைய பாட்டில்களில் வெள்ளைச் சாயத்தால் அச்சுக்குத்திய எழுத்து இருக்கும். கடைசிச் சாட்சி கார்க்: பக்கவாட்டில் நிறுவனமும் ஆண்டும் சூடு போட்டிருப்பார்கள். அதனால் துண்டு துண்டாக வந்தாலும் கார்க்கைக் குப்பையில் போடாமல் தட்டில் வைத்துச் சேர்த்துப் பாருங்கள்.

1970 வின்டேஜ் வரை பீப்பாயாகவே பிரிட்டனுக்கு வந்து லண்டன், பிரிஸ்டல் வணிகர்கள் பாட்டிலில் அடைத்ததும் உண்டு. ஒரே நிறுவனத்தின் ஒரே ஆண்டு ஒயின் இரண்டு பாட்டிலில் இரண்டு விதமாக இருந்தால், அடைத்த கை வேறு என்பதும் ஒரு காரணமாக இருக்கலாம். 1975 வின்டேஜிலிருந்து எல்லாம் போர்ச்சுகலிலேயே அடைக்கப்பட்டவை.

பாட்டிலின் ஒரு பக்கத்தில் வெள்ளைச் சாயத் தீற்றல் ஒன்று இருந்தால் அழுக்கென்று சுரண்டிவிடாதீர்கள். படுக்கவைத்தபோது மேலே இருந்த பக்கம் எது என்பதற்கான குறி அது. அதையே மேலே வைத்துத்தான் நீங்களும் படுக்கவைக்க வேண்டும். வண்டல் எதிர்ப்பக்கக் கண்ணாடியில் படிந்து இறுகியிருக்கும்.

அறிகுறி: கார்க் உடைகிறது, பொடிகிறது, உள்ளே விழுகிறது

உடையாமல் வந்தால்தான் ஆச்சரியம். வின்டேஜ் போர்ட்டுக்கு நீளமான கார்க் போடுகிறார்கள். பல பழைய பாட்டில்களில் கழுத்தின் நடுப்பகுதி புடைத்திருக்கும். கார்க் அந்த வடிவத்துக்கு விரிந்து ஊறி உட்கார்ந்துவிடும். இழுக்கும்போது குறுகிய வாய் வழியாக வர வேண்டியிருப்பதால் கீழ்ப்பாதி அறுந்து நின்றுவிடுகிறது.

சாதாரணத் திருகு வேண்டாம். ஆ-சோ என்று விற்கும் இரண்டு தகடு இழுப்பானை எடுத்து, நீளத் தகட்டை முதலில் கார்க்குக்கும் கண்ணாடிக்கும் நடுவே இறக்கி, மாற்றி மாற்றி அசைத்து உள்ளே கொண்டுபோய், திருகியபடியே மெதுவாகத் தூக்க வேண்டும். அமுக்கும்போது கார்க் கீழே நழுவ ஆரம்பித்தால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். முதலில் நீளமான திருகுக் கம்பி ஒன்றைக் கார்க்கின் நடுவில் முழு ஆழத்துக்குச் செலுத்தி, அது பிடித்துக்கொண்டிருக்கும்போது தகடுகளை இறக்கினால் நழுவாது. டுராண்ட் என்ற கருவி இந்த இரண்டையும் ஒன்றாகச் சேர்த்தது. விலை அதிகம். வருஷத்துக்குப் பத்துப் பன்னிரண்டு பழைய பாட்டில் திறக்கிறவருக்கு அது தகும். மற்றவர்களுக்கு ஆ-சோவும் பொறுமையும் போதும்.

பாதி வந்து பாதி நின்றுவிட்டதா? திருகைச் சாய்வாகச் செலுத்தி, கார்க்கைக் கண்ணாடியோடு அழுத்தியபடி இழுத்துப் பாருங்கள். அதுவும் வரவில்லையா? சரி, உள்ளே தள்ளிவிடுங்கள். கார்க் துண்டு மிதப்பதால் ஒயினின் சுவைக்கு ஒரு கேடும் இல்லை, எப்படியும் வடிகட்டத்தான் போகிறோம். தள்ளும்போது பாட்டிலை அசைக்காமல் இருந்தால் சரி. துண்டு கழுத்தை அடைத்துக்கொண்டு ஊற்ற விடவில்லை என்றால் சுத்தமான நீளக் குச்சி ஒன்றால் ஒதுக்கிப் பிடித்துக்கொள்ளலாம்.

போர்ட் இடுக்கி என்று ஒன்று உண்டு. அதை நெருப்பில் செக்கச்செவேலென்று காய்ச்சி, கார்க்குக்குக் கீழே கழுத்தைக் கவ்விப் பிடித்து, எடுத்ததும் ஐஸ் தண்ணீரில் நனைத்த துணியை அதே இடத்தில் வைத்தால் கண்ணாடி வளையமாக விரிசல் விட்டு, கழுத்து கார்க்கோடு கழன்றுவரும். பார்க்க அழகு. ஆனால் பழக்கப்பட்டவர் கூட இருந்தால் மட்டும், கண்ணுக்குக் கவசத்தோடு. வேறு எதுவும் பலிக்காத, பொடிந்தே போன கார்க்குக்குத்தான் இது.

அறிகுறி: ஒயின் கலங்கலாக இருக்கிறது, வாயில் மண் போல நெருடுகிறது, கசக்கிறது

கசப்பு ஒயினுடையது இல்லை, வண்டலுடையது. பல ஆண்டுகளில் நிறப்பொருளும் துவர்ப்புப்பொருளும் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு கனமாகிக் கீழே படிகின்றன. அதை ஒயினோடு குடித்தால் எவ்வளவு பெரிய வின்டேஜும் கஷாயமாகத்தான் தெரியும்.

முதல் கேள்வி, பாட்டில் எப்போது வந்தது? கூரியரில் வந்த வாரமே திறந்திருந்தால் காரணம் அதுதான். வழியில் குலுங்கிய படிவு நுண்ணிய தூளாக உடைந்து ஒயின் முழுவதும் மிதக்கிறது, அதை எந்தத் துணியாலும் பிடிக்க முடியாது. வந்ததும் வெள்ளைக்குறி மேலே இருக்கும்படி குளிர்ந்த, இருட்டான இடத்தில் இரண்டு மூன்று வாரம் படுக்கவைத்துவிடுங்கள். ஒரு மாதம் முடிந்தால் இன்னும் நல்லது. விருந்து சனிக்கிழமை என்றால் அந்த வாரம் வந்த பாட்டிலைத் திறக்கவே திறக்காதீர்கள். வேறு ஏதாவது வாங்கிக்கொள்ளலாம்.

இரண்டாவது கேள்வி, நிமிர்த்தி வைத்தீர்களா? திறப்பதற்கு 24 மணி நேரம் முன்பாவது, முடிந்தால் 48 மணி நேரம் முன்பு, பாட்டிலை மெதுவாக நிமிர்த்த வேண்டும். படிவு வழுக்கிக்கொண்டு அடிக்கு இறங்க அவ்வளவு நேரம் பிடிக்கும்.

மூன்றாவது, இறுத்த விதம். புனலில் மஸ்லின் துணி விரித்து, பெரிய கண்ணாடி ஜாடியில் வையுங்கள். துணியைச் சோப்பில் துவைக்காமல் வெறும் வெந்நீரில் அலசியிருக்க வேண்டும். சோப்பு வாசனை ஒயினுக்கு ஒட்டிவிடும். பாட்டிலின் கழுத்துக்குக் கீழே மெழுகுவத்தியோ கைபேசி விளக்கோ இருக்கட்டும், இந்தக் கண்ணாடி கிட்டத்தட்ட கறுப்பு, வெளிச்சம் இல்லாமல் ஒன்றும் தெரியாது. வெள்ளைக்குறி மேலே இருக்கும்படி சாய்த்து, ஒரே சீராக, நடுவில் நிமிர்த்தாமல் ஊற்றுங்கள். நிறுத்தி நிறுத்தி ஊற்றினால் ஒவ்வொரு முறையும் உள்ளே அலை அடித்து வண்டல் கிளம்பும். கழுத்தில் கறுப்பாக ஒரு புகை நூல் ஊர்ந்து வந்ததும் நிறுத்திவிட வேண்டும்.

மிச்சம் நிற்கும் இரண்டு மூன்று விரல் அளவை காபி வடிகட்டும் தாளில் ஊற்றித் தனி டம்ளரில் பிடியுங்கள். தாளை முதலில் வெந்நீரில் நனைத்துவிட்டால் தாள் வாசனை வராது. அந்த ஒயினை நல்ல ஒயினோடு சேர்க்காமல் கறிக் குழம்புக்கு வைத்துக்கொள்ளலாம்.

அறிகுறி: திறந்ததும் நாற்றம்

நல்ல பாட்டில்கள் அதிகம் வீணாவது இங்கேதான், நிதானமும் இங்கேதான் தேவை. நாற்றம் என்ன வகை என்பதை விட, நேரம் போகப்போக அது எந்தப் பக்கம் நகர்கிறது என்பது முக்கியம். இறுத்த உடன் ஒரு டம்ளரில் கொஞ்சம் ஊற்றி ஓரமாக வையுங்கள். ஒரு மணி நேரம் கழித்து, பிறகு மூன்று மணி நேரம் கழித்து முகர்ந்து பாருங்கள்.

குறைந்துகொண்டே வருகிறதா? அடித்த தீக்குச்சி, வெந்த முட்டைக்கோஸ், முட்டை, மூடிக்கிடந்த அறை, இப்படி எதுவானாலும் அது காற்றில்லாமல் பல ஆண்டு அடைந்துகிடந்ததன் வாசனை. குறை இல்லை. ஜாடியைச் சுழற்றிவிடுங்கள், இன்னொரு ஜாடிக்கு மாற்றி ஊற்றுங்கள், காத்திருங்கள். முட்டை வாசனை பிடிவாதமாக நின்றால் ஒரு சோதனை உண்டு: சுத்தமாகத் தேய்த்துக் கழுவிய செம்புக் கம்பியை அந்தச் சோதனை டம்ளரில் போட்டு ஒரு நிமிடம் கலக்குங்கள். 1992-க்கு முன் வார்த்த பிரிட்டிஷ் ஒரு பென்னியும் ஆகும், அதில் 97 சதவீதம் செம்பு. அந்த நாற்றத்துக்குக் காரணமான ஹைட்ரஜன் சல்ஃபைடைச் செம்பு பிடித்துக்கொள்ளும். வாசனை சட்டென்று தெளிந்தால் மீதி ஒயினுக்கு இன்னும் காற்று வேண்டும் என்று பொருள். சோதனை டம்ளரைக் கொட்டிவிடலாம்.

கூடிக்கொண்டே போகிறதா? நனைந்த அட்டைப்பெட்டி, பூசணம் பிடித்த நிலவறை, ஈரமான பழைய செய்தித்தாள், பழ மணமே இல்லாத ஒரு மந்தம் என்றால் கார்க் கேடு. டி.சி.ஏ என்று சுருக்கமாகச் சொல்லும் டிரைகுளோரோஅனிசோல் கார்க்கிலிருந்து இறங்கியிருக்கிறது. ஒரு லிட்டரில் சில நானோகிராம் இருந்தாலே மூக்குக்குத் தெரிந்துவிடும். இதற்குக் காற்று மருந்தில்லை, காற்றில் இன்னும் துலக்கமாகத் தெரியும். பாலித்தீன் தாளை ஒயினில் ஊறவைத்தால் டி.சி.ஏ ஓரளவு ஒட்டிக்கொண்டு போகும் என்பது உண்மை, ஆனால் மணத்தையும் சேர்த்து உறிஞ்சிவிட்டு வெறும் இனிப்பை மிச்சம் வைக்கும். நான் அதைச் செய்யச் சொல்ல மாட்டேன். வருத்தத்தோடு கொட்டிவிட்டு, லாட்டில் அடுத்த பாட்டிலைத் திறங்கள். இந்தக் கேடு கார்க்குக்குக் கார்க் மாறும், பக்கத்துப் பாட்டில் பெரும்பாலும் சுத்தமாக இருக்கும்.

ஈரமான நிலவறை வாசனை இரண்டுக்கும் பொது என்பதால்தான் இந்த மூன்று மணி நேரக் காத்திருப்பு. திறந்த ஐந்தாவது நிமிடத்தில் யார் மூக்காலும் நிச்சயமாகச் சொல்ல முடியாது.

அறிகுறி: தொண்டை எரிகிறது, சாராயம் தனியாகத் தெரிகிறது

முதலில் சூட்டைப் பாருங்கள். 22, 24 டிகிரி அறையில் எந்தப் போர்ட்டும் சாராயமாகத்தான் வீசும். 16 முதல் 18 டிகிரி சரியான அளவு. ஜாடியை இருபது நிமிடம் குளிர்பெட்டியில் வைத்து எடுங்கள். பெரும்பாலும் அதோடு தீரும்.

தீரவில்லையா? ஒயின் இளசாக இருக்கலாம். 1994, 1997, 2000 எல்லாம் போர்ட் கணக்கில் இன்னும் முதுமையைத் தொடாதவை. காலையில் இறுத்து இரவில் குடிக்கலாம். 1977, 1980, 1983, 1985 என்றால் மூன்று நான்கு மணி நேரம். 1963, 1966, 1970 என்றால் இரண்டு மூன்று மணி நேரம் கொடுத்து, இடையிடையே சுவைத்துப் பார்த்துக்கொள்ள வேண்டும். இவை என் அளவுகள், பாட்டிலுக்குப் பாட்டில் நகரும்.

காற்றும் கொடுத்தாயிற்று, குளிர்ச்சியும் சரி, ஆனாலும் மெலிந்து, இனிப்பும் எரிச்சலும் மட்டும் நிற்கிறது என்றால் பழம் போய்விட்டது. 1975 போன்ற மெல்லிய ஆண்டில் இது எதிர்பார்க்க வேண்டியது. அந்த ஆண்டு ஏலத்தில் எவ்வளவு மலிவாக வந்தாலும் எனக்குத் தயக்கம் உண்டு. ஸ்டில்டன் சீஸும் வால்நட்டும் கூட வைத்தால் உப்பும் கொழுப்பும் சேர்ந்து அந்த எரிச்சலை மட்டுப்படுத்தும்.

அறிகுறி: நிறம் வெளிறிப் பழுப்பாகிவிட்டது

1963-ம் 1966-ம் செங்கல் நிறத்துக்கு வந்திருப்பது வயதுக்கு ஏற்றது. நிறம் வண்டலாக இறங்கிவிட்டது, மணம் இறங்கவில்லை. நிறத்தைப் பார்த்துக் கலங்காமல் முகர்ந்து பாருங்கள். காய்ந்த அத்திப்பழம், ரோஜா, தேயிலை, சுருட்டுப்பெட்டி என்று வந்தால் உங்கள் கையில் இருப்பது பொக்கிஷம். மட்டமும் இறங்கி, நிறமும் பழுப்பாகி, கருகிய சர்க்கரையும் வாட்டிய கொட்டையும் மட்டுமே வந்தால் எங்கேயோ சூட்டில் கிடந்திருக்கிறது. திருத்த முடியாது. ஆனால் குடிக்க முடியாதது என்று பொருளில்லை, குளிரவைத்து அன்றே முடித்துவிடலாம்.

அறிகுறி: வண்டலே இல்லை, முதல் டம்ளரிலேயே மணம் முழுவதும் திறந்துவிட்டது

நீங்கள் வாங்கியது வின்டேஜ் தானா என்று லேபிளைத் திரும்பப் படியுங்கள். ஆண்டு எண் போட்டதெல்லாம் வின்டேஜ் இல்லை. லேட் பாட்டில்டு வின்டேஜ் என்றால் நான்கு முதல் ஆறு ஆண்டு மரத்தில் இருந்தது, பலதும் வடிகட்டியது. கொல்ஹெய்ட்டா என்றால் ஒரே ஆண்டின் டானி, அதாவது மரப் பீப்பாயிலேயே முதிர்ந்து பழுப்பேறிய வகை, குறைந்தது ஏழு ஆண்டு மரத்தில். அடைத்த ஆண்டும் லேபிளில் இருக்கும். ஏலப் பட்டியலில் அவசரமாக எழுதும் வரியில் இவை கலந்துவிடுவது உண்டு. அடுத்த முறை லேபிளின் படத்தைக் கேட்டு வாங்குங்கள்.

நிறுவனங்கள் ஒரு ஆண்டைப் பெரிய வின்டேஜ் ஆண்டு என்று அறிவிக்காதபோது ஒரே தோட்டத்துப் பழத்தில் வரும் வின்டேஜ்கள் வேறு சங்கதி. வர்ஜெலாஷ், மல்வேடோஷ், பொம்ஃபிம், கவடின்யா போன்ற தோட்டப் பெயர்களைப் பார்த்தால் விடாதீர்கள். முறை முழுக்க வின்டேஜ் முறைதான், விலை மட்டும் குறைவு, பக்குவமும் கொஞ்சம் முன்னதாக வரும்.

அறிகுறி: வினிகர், நெயில் பாலிஷ் ரிமூவர் வாசனை

கொஞ்சமாக இருந்தால் பழைய போர்ட்டில் அது மணத்தைத் தூக்கிக்கொடுக்கும், பயப்பட வேண்டாம். மூக்கைக் குத்தி, வாயில் புளிப்பு கூர்மையாக நின்றால் அசிட்டிக் அமிலமும் எத்தில் அசிட்டேட்டும் எல்லை தாண்டிவிட்டன. மட்டம் தாழ்ந்த பாட்டிலில்தான் இதை அதிகம் பார்க்கலாம். எவ்வளவு நேரம் விட்டாலும் சரியாகாது.

அறிகுறி: நேற்று அருமை, இன்று சப்பென்று இருக்கிறது

1970-க்கும் அதற்கு முந்தியதற்கும் திறந்த நாளே நாள், மறுநாள் வரை தாங்கினால் அதிர்ஷ்டம். எண்பதுகளின் ஒயின் இரண்டு மூன்று நாள் நிற்கும். முழுவதையும் ஒரே இரவில் முடிக்க ஆள் இல்லை என்றால், இறுத்த உடனேயே பாதியைச் சின்ன பாட்டில் ஒன்றில் விளிம்பு வரை நிரப்பி, மூடி, குளிர்பெட்டியில் வைத்துவிடுங்கள். நாலு பேர் சுற்றிக் குடித்த பிறகு மிஞ்சியதை எடுத்துவைப்பதை விட இது எவ்வளவோ மேல்.

இதற்கு நேர்மாறாக, முதல் நாள் ஊமையாக இருந்து மறுநாள் மலர்ந்ததென்றால் அந்த லாட் முழுவதற்கும் நீங்கள் கொடுத்த காற்று போதவில்லை. எத்தனை மணி நேரத்தில் நன்றாக வந்தது என்று பெட்டியின் மூடியிலேயே எழுதிவைத்துவிட்டு, அடுத்த பாட்டிலை அந்தக் கணக்கில் முன்கூட்டியே இறுத்துவிடுங்கள்.